சிமிழின் முகம்

ஜப்பானின் தஜிமி நகரில் இருக்கும் எங்கள் அருங்காட்சியகத்துக்கு அந்தத் தேயிலைத்தூள் சிமிழ் இரவலாக வந்தது. கல்லாய் இறுகச் சுட்ட மண், யானைத்தந்த மூடி, ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு. அந்த இரவலின் கடைசி நாள் வந்தது. சிமிழை எங்களுக்கே விட்டுவிடுவதா, எடுத்துப்போவதா என்று சொல்ல அதன் சொந்தக்காரர் தொகோரோ, நகோயா நகரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அந்த வாரம்தான், அதன் காப்பாளரான நான், கண்ணாடிப் பெட்டிக்குள் சிமிழை மறுபக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன்.

தேநீர்ச் சடங்கில் தேநீர் கொடுப்பவர் விருந்தாளி பக்கம் திருப்பி வைப்பது சிமிழின் முகத்தை. கறுப்பு மெருகுப் பூச்சு தோளிலிருந்து தேனாய் வழிந்து உறைந்த பக்கம்தான் முகம் என்பது தொகோரோ வீட்டு நம்பிக்கை. நான் முன்னால் வைத்ததோ மறுபக்கம். அங்கே, சிமிழை மெருகில் முக்கியெடுத்த குயவனின் விரல் தடம் மட்டும் பூச்சுப் படாமல் வெறுமையாக இருந்தது.

“மினாகி, இன்னிக்கு மட்டும் பழையபடி வைம்மா. அந்த மனுஷன் கோவிச்சுக்கிட்டுத் தூக்கிட்டுப் போயிடுவாரு,” என்றார் இயக்குநர் சகுமா.

“அப்படின்னா நீங்களே திருப்பிடுங்க சார். இந்தாங்க சாவி.”

அவர் சாவியைத் தொடவில்லை.

தொகோரோ கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்தது. “முதுகைக் காட்டி வெச்சது யாரு?”

“நான்தான். ஆனா அது முதுகு இல்லைங்க.”

“எங்கப்பா ஆயுசு முழுக்கத் தப்பாவா வெச்சாரு?”

“வாட்சையும் மோதிரத்தையும் கழட்டிட்டு உள்ளே வாங்க. நீங்களே பாருங்க.”

மேசைமேல் சிமிழையும் அதன் பழைய பட்டுப்பையையும் வைத்தேன். அவருடைய அப்பா காலத்துக்கு முன்பே நைந்து, பயன்படாமல் கிடந்த பை. செப்பனிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தது. சிமிழ் ஒருபக்கம் லேசாகப் புடைத்திருந்தது. பை அந்தப் புடைப்புக்கு ஏற்ப அளவெடுத்துத் தைத்தது. முடிச்சு விழும் பக்கமே முகம் என்பது அவருக்கும் தெரியும்.

தொகோரோ, மெருகு வழிந்த பக்கம் முடிச்சுப் பக்கம் வரும்படி சிமிழைப் பைக்குள் வைத்தார். பட்டு விறைத்து இழுத்தது, பையின் வாய் கூடவில்லை. பிறகு திருப்பி வைத்தார். பை தோல் மாதிரி ஏறிப் படிந்தது. முடிச்சையும் அவரே போட்டார்.

“அடேயப்பா! வந்தவங்களுக்கெல்லாம் பின்பக்கத்தைக் காட்டி ‘ஆஹா’ போட வெச்சிருக்காரே எங்கப்பா!” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். “இது இங்கேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போச்சுன்னா எங்கக்கா மறுபடியும் திருப்பிடுவா.”

அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டுச் சகுமா மூச்சு வாங்க வந்தார். “பை பொருந்தாம போயிருந்தா?”

“பொருந்தும்னு பார்க்காமலா சார் சாவியை நீட்டினேன்?”