துவா பிறந்த கிழமை

1

இந்தக் கதை என் அசட்டுத்தனத்தில் பிறந்தது. பாங்காக்கில், ஆரி சந்தில், குழந்தை வண்டி தள்ளிவந்த ஒரு பெண்ணிடம் உள்ளே பார்க்காமலேயே "அப்படியே அம்மா ஜாடை" என்று சொல்லித் தொலைத்தேன். வண்டிக்குள்ளிருந்து ஒரு கிழட்டு நாய் கொட்டாவி விட்டது. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றிக்கடனாக அவளுக்கு வாஸனா என்று பெயர் வைத்து, வீடு தேட அலையவிட்டேன்.

2

"இந்த நகரத்தில் மேகங்கள்கூட வாடகைக்குத்தான்..." (அடித்துவிட்டேன். மேகத்தை இழுத்தாலே எனக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள்.)

விஷயம் இதுதான். வாஸனா இருக்கும் கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கிறார்கள். ஏழு வீடுகளில் "நாயா? முடியாது" என்றுவிட்டார்கள். எட்டாவதும் கைவிரித்தால், பதின்மூன்று வயது நாய் துவாவை ஊரில் தம்பி வீட்டில் விடவேண்டும். அங்கே சங்கிலிதான். ஒரு மழைக்காலம் தாங்காது.

3

எட்டாவது வீட்டுக்காரம்மா சம்னியாங், வாசல் கம்பத்தின் மேலிருந்த காவல் தெய்வத்தின் பொம்மை அளவு வீட்டுக்குச் சிவப்பு சோடா படைத்துக்கொண்டிருந்தாள்.

"கடிக்குமாடி?"

"நாலு பல்லுதான் இருக்கு, பெரியம்மா."

"என்னைவிட ரெண்டு கூட. இருந்துட்டுப் போகட்டும். எந்தக் கிழமை பொறந்துச்சு?"

"தெருவுல கிடைச்சது..."

"குடிவர்ற எல்லாரோட கிழமையும் சாமிகிட்ட சொல்லணும். என் வீட்டுக்காரர் தப்பாச் சொல்லிட்டுக் குடிவந்தாரு. மூணே மாசம், இன்னொருத்தி வீட்டுக்குக் குடிபோயிட்டாரு. நீ எந்தக் கிழமை?"

"புதன் ராத்திரி."*

"ராகு பொண்ணா! நாயாவது ஒழுங்காப் பொறந்திருக்கணுமே."

(*இங்கே வாரத்துக்கு எட்டுக் கிழமை. புதனுக்குப் பகல் வேறு, இரவு வேறு; இரவு ராகுவுடையது. சம்பளம் மட்டும் மாதத்துக்கு ஒன்றுதான்.)

4

'திங்கள்' என்று வாஸனாவின் வாயில் எழுதினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க, அண்ணே. தினமும் இந்தச் சாமி முகத்துல முழிக்கப்போறது நான்தான்."

வேறு முடிவு ஒன்று வைத்திருக்கிறேன். சோடாவின் சிவப்பு வெயிலில் கசிந்து சந்தெங்கும் பரவுகிறது. துவா மெல்லச் சிறுத்து, கட்டைவிரல் அளவாகி, அந்தச் சின்ன வீட்டின் படியேறுகிறது. உள்ளே யாரோ எந்தக் கிழமையும் கேட்காமல் அதன் காதைச் சொறிந்துவிடுகிறார்... எழுதும்போது எனக்கே தூக்கம் வந்தது. நல்ல தூக்கம். ஆனால் வாஸனாவுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை.

5

"பொறந்தது தெரியாது, பெரியம்மா. எங்கிட்ட வந்தது வெள்ளிக்கிழமை. அதுக்கு முன்னாடி அதுக்குப் பேரே இல்ல."

சம்னியாங் கன்னத்தில் கை வைத்தாள். "வெள்ளிக்குப் புதன் ராத்திரி ஜென்மப் பகைடி! ஒரு பொய் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்ல வரல."

கிழவி துவாவைப் பார்த்தாள். அது அவள் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்தது. காலை எடுக்காமலேயே ஊதுபத்தி கொளுத்தினாள்.

"வாயைத் திறக்காம நில்லு. நான் பேசிக்கிறேன்."

6

கண்களை மூடி, "சாமி, புதுசா ரெண்டு பேர். ஒண்ணு புதன் ராத்திரி. இன்னொண்ணு..." என்று நிறுத்தியிருக்கிறாள். எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. நான் பிறந்ததும் வெள்ளி, உதவாது. நீங்கள் எந்தக் கிழமை? அதைத் துவாவுக்குக் கொஞ்சம் கொடுங்களேன்.