நகராத பொருள்

“புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றியா, இல்ல எவ வூட்டு வாசல்ல என்னா கெடக்குதுன்னு வேவு பாக்க ஆள் சேக்கறியா?”

கலையரசி இதைக் கேட்டபோது தலையில் ஈரத்துண்டு இருந்தது, கையில் தோசைத் திருப்பி இருந்தது. சிந்துஜா மிஸ் தன் விளையாட்டுப் பள்ளியின் கேட்டைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில், ஒரே கயிற்றைப் பிடித்தபடி ஏழெட்டுப் பிள்ளைகள். கடைசியில் நின்றது சுவேதா, கலையரசியின் மகள். புதுச்சேரி முத்தியால்பேட்டையின் அந்தத் தெருவில் காலை ஒன்பது மணிக்கு யாருக்கும் நிற்க நேரமிருக்காது. அன்றைக்கு எல்லாருக்கும் இருந்தது. கீரை வண்டிக்காரர்கூட ஒரே கட்டுக் கீரைக்குத் திரும்பத் திரும்பத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“சுவேதாம்மா, மெதுவா பேசுங்க. கொழந்தைங்க நிக்கிறாங்க. இது அப்சர்வேஷன் ஆக்டிவிட்டி. சுத்தி இருக்கறத உத்துப் பாக்கக் கத்துக் குடுக்கறோம்.”

“உத்துப் பாக்க இந்தத் தெருவுல புதுசா வேற கத்துக் குடுக்கணுமா?”

அதில் உண்மை இருந்ததால் இரண்டு மூன்று பேர் கீரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

சிந்துஜாவின் பள்ளிக்குப் பிரெஞ்சில் ஏதோ ஒரு பெயர். அதைத் தெருவில் ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை என்றாலும், பலகையில் ஈபிள் டவர் வரைந்த நாளிலிருந்து சேர்க்கை கூடியது. வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கயிறு பிடிக்க வைத்துத் தெருவைச் சுற்றிக் கூட்டிப்போவாள். ஒரு வாரம் கேட்டுகளின் நிறம், ஒரு வாரம் இலைகள், ஒரு வாரம் கோலங்களில் எத்தனை வட்டம், எத்தனை சதுரம். பெற்றோர்களுக்குப் பெருமைதான். அந்த வாரத்துப் பாடம், போன வாரத்திலிருந்து எது நகர்ந்திருக்கிறது, எது நகரவில்லை. கரண்டு கம்பம் நகரவில்லை என்றது ஒரு பிள்ளை. டிரான்ஸ்பார்மர் என்றது இன்னொன்று. கலையரசியின் வாசலுக்கு நேரே வந்ததும் மெக்கானிக் அய்யப்பனின் மகள் கையைத் தூக்கினாள்.

“மிஸ், சுவேதா அப்பா செருப்பு நகரல. உள்ள சிலந்தி வல கட்டியிருக்கு.”

இதோடு விட்டிருந்தால் பிள்ளைப் பேச்சாகப் போயிருக்கும். சிந்துஜா “வெரி குட்” என்று சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா ரஞ்சிதம், எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். அடுப்படி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கலையரசிக்குத் தோசை கருகியது அப்போதுதான்.

புருஷன் வினோத்குமார் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. எங்கே என்று அவளுக்கே தெரியாது. திருப்பூர் என்றார்கள், பிறகு ஓசூர் என்றார்கள். அவன் விட்டுப்போனவற்றில் உருப்படியானது அந்தச் செருப்பு ஒன்றுதான். குழந்தையோடு தனியாக இருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லி வீடு கேட்ட இடத்திலெல்லாம் முதலில் அனுதாபம் கிடைத்தது, அப்புறம் கதவு சாத்தப்பட்டது. அதனால் ரஞ்சிதத்திடம் வந்தபோது, புருஷனுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் வேலை, ராத்திரி ஷிப்ட் என்று சொன்னாள். வாசலில் பத்தாம் நம்பர் செருப்பை விட்டாள். கொடியில் வாரம் ஒரு தரம் நீலச் சட்டை ஒன்றை நனைத்துப் போட்டாள். ஆரம்பத்தில் செருப்பை நாளுக்கு ஒரு திக்கில் திருப்பி வைத்தாள். அந்த வேலையும், நேரு வீதித் துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு மற்ற வீட்டு வேலைகளைப் போலவே தள்ளிப்போயிற்று. தெருவுக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஒரே சட்டையை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதன் எவன்? ஆனால் சந்தேகத்தை வைத்துப் பேசிக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருந்தது. தீர்ந்துபோனால் பேச்சும் தீர்ந்துபோகும்.

“கொழந்த பாத்தத சொல்லுச்சு,” என்றாள் சிந்துஜா. கூட்டம் சேர்ந்ததில் அவளுக்கும் குரல் ஏறியிருந்தது. “தப்புன்னா அண்ணன வரச் சொல்லுங்க. நானே புள்ளைங்களுக்கு அறிமுகம் பண்றேன். அடுத்த வாரம் ‘நமக்கு உதவுபவர்கள்’தான் பாடம்.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் கலையரசி பதில் சொன்னாள், சிந்துஜாவுக்கு அல்ல.

“உங்கூட்டுல நகராதது எதுன்னும் புள்ளைங்கள கேளேன். நாலு வருஷமா தரகர் வந்து வந்து போறாரு, ஜாதகம் மட்டும் எடத்த வுட்டு அசையல. அதுக்கும் கைதட்டச் சொல்லு.”

கேட்டின் மேலிருந்த சிந்துஜாவின் கை இறங்கியது. அய்யப்பன் மகள் அக்கறையோடு நிமிர்ந்து கேட்டாள், “மிஸ், ஜாதகம்னா என்னா?”

அதற்குள் ரஞ்சிதம் மாடியிலிருந்து இறங்கிவிட்டாள். அவள் கத்துகிற ரகமில்லை. கத்துகிறவர்களைவிட அவளிடம்தான் எல்லாருக்கும் பயம்.

“கல, உங்க வூட்டுக்காரர ஒரு தரம் மேல வரச் சொல்லு. வூட்டு விஷயமா பேசணும்.”

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஊருக்குப் போயிருக்கிறார், உடம்பு சரியில்லை, எதையாவது சொன்னால் இன்னும் ஒரு மாதம் ஓடும். கயிற்றின் கடைசியில் நின்ற சுவேதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கிற பார்வை. கலையரசி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள்.

“அவரு இல்லம்மா. போயி ரெண்டு வருஷமாவுது. மாசம் பொறந்தா வாடகைய நான்தான் மேல கொண்டாந்து குடுத்தேன். அந்தச் செருப்பா நடந்து வந்து குடுத்துச்சு?”

“வாடகையப் பத்தி யாரும் பேசல. பொய் சொல்லிட்டு உள்ள வந்தியே.”

“நெசத்தச் சொல்லியிருந்தா உள்ள வுட்டுருப்பீங்களா?”

ரஞ்சிதம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஆடி பொறந்துட்டா வூடு மாத்த மாட்டாங்க. அதுக்கு முன்ன பாத்துக்க,” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். கீரைக்காரர் வண்டியைத் தள்ளினார். அன்று கீரை ஒன்றும் பெரிதாக விற்கவில்லை.

ஆனி முடிவதற்குள் கலையரசி போய்விட்டாள். அடுத்த தையில் சிந்துஜாவுக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை நெடுமாறன், கனகசெட்டிக்குளம் பக்கம் ஒரு விடுதியில் மேனேஜர். வரவேற்புக்குத் தெருவே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, மாப்பிள்ளைக்கு வயது கொஞ்சம் கூடுதல் என்று பேசிக்கொண்டது. பள்ளி இருந்த அறையில் இப்போது கூரியர் ஆபீஸ். ரஞ்சிதம் கீழ்ப் போர்ஷனைப் புருஷன் பெண்டாட்டியை நேரில் பார்த்துத்தான் வாடகைக்கு விட்டாள். புருஷன் பெயர் இளஞ்செழியன். அவன் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள இப்போது யாரும் வாசலைப் பார்க்க வேண்டியதில்லை. பெண்டாட்டியை அவன் திட்டுவது நான்கு வீட்டுக்குக் கேட்கிறது. குடும்பமான வீடு என்று ரஞ்சிதம் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

கலையரசிக்குக் குருசுக்குப்பத்தில் ஒற்றை அறை கிடைத்தது. வீட்டுச் சொந்தக்காரர் பிரான்சில் இருக்கிறார், சாவி கொடுத்தது கடையில் கூட வேலை பார்க்கிறவள், அதனால் கேள்வி கேட்க ஆளில்லை. அப்படியே யாராவது கேட்டால் இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று, சாமான் ஏற்றிய குட்டியானை வண்டியில் உட்கார்ந்து வரும்போதே முடிவு செய்திருந்தாள். சொற்களைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

சாமான் இறங்கிக்கொண்டிருக்கும்போது, மீன் விற்றுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் காலி அன்னக்கூடையைத் தலையில் வைத்தபடியே நின்று விசாரித்தாள்.

“புதுசா வந்துருக்கீங்களா? வூட்டுக்காரரு என்னா வேல?”

கலையரசி வாயைத் திறப்பதற்குள் சுவேதா முன்னால் வந்து நின்றாள்.

“நைட் ஷிப்ட்டு. பகல்ல தூங்குவாரு. சத்தம் போடக் கூடாது.”

கலையரசி சாவியோடு அப்படியே நின்றாள். கன்னியம்மாள் பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு அந்தப் பெரிய அலுமினியக் கூடையை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, மணலில் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள்.