உப்பும் கரியும் ஒரு செப்புத் தகடும்

1941-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, கோம்பை ஊரார் பிலவேந்திரனைச் செய்வினைக்காரன் என்றார்கள். அவன் செய்த வினையோ, முத்துவீரனின் அரிசி மில் மோட்டாருக்கு எர்த்து கொடுத்தது ஒன்றுதான்.

இராயப்பன்பட்டியில் வேதக்காரர் எனப்படும் கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளை அவன். மதுரைப் பஞ்சாலையில் வயர்மேனுக்குக் கையாளாக இருந்து, தேர்வெழுதி உரிமம் பெற்றவன். தன் பொறுப்பில் எடுத்த முதல் வேலை இது. இது கெட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் எவரும் தன்னை வேலைக்குக் கூப்பிடமாட்டார் என்பதை அறிந்தே எடுத்தான். முத்துவீரன் வாங்கியிருந்தது பழைய மோட்டார். சுருளில் மின்கசிவு இருந்ததால் உறையைத் தொட்ட விரல் சுரீரென்றது. வேறு வாங்கச் சொன்னான், அவர் கேட்கவில்லை. ஆகவே வடக்குச் சுவரோரம் ஆளுயரக் குழி வெட்டிச் செப்புத் தகட்டை இறக்கி, கசியும் மின்சாரம் மண்ணில் இறங்குவதற்காக உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி மூடி, தகட்டின் கம்பியை மோட்டார் உறையில் முறுக்கினான். பட்டப்பகலில் அரை ஊர் நின்று பார்த்தது. உப்பை அள்ளிக் கொடுத்தவளே முத்துவீரனின் மனைவி ஜக்கம்மாதான்.

அடுத்த வாரம் அவர்களுடைய எருமை செத்த கன்றை ஈன்றது. கோடாங்கி வந்து உடுக்கையடித்து, சுவரடியில் செம்பும் உப்பும் கரியும் கிடப்பதாகக் கண்டு சொன்னார். அரை ஊர் கண்ணால் கண்டதை அவர் அருளால் கண்டார். அதற்கும் ஊர் மெய்சிலிர்த்தது.

இது எதுவும் அறியாமல், அந்த வெள்ளிக்கிழமை மோட்டாரைப் பார்த்துப்போக வந்த பிலவேந்திரனை மில் வாசலிலேயே செல்லப்பாண்டி மறித்தான். அங்கே மூட்டை தூக்குபவன். நேற்றுவரை மாப்பிள்ளை முறை கொண்டாடியவன்.

"உப்பும் கரியும் போட்டு ஊறுகாயா போட்ட, மாப்ள?"

உள்ளே ஜக்கம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள். வடக்குச் சுவரோரம் மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது. அறுந்த கம்பி வெறுமனே தொங்கியது. தகடு எங்கே என்று பிலவேந்திரன் கேட்டான். ஆற்றில் விடுவதற்காகக் கோடாங்கி மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோனாராம். யுத்தத்தால் விலையேறிய செம்பு ஆற்றுக்குத்தான் போயிற்றா, பாத்திரக்கடைக்குப் போயிற்றா என்ற ஐயம் அவனுக்கு எழுந்தது. அதைக் கேட்கும் நேரம் அதுவன்று.

"அது எர்த்து, மொதலாளி. கரண்டு மண்ணுல எறங்குறதுக்கு."

"எங்க மண்ணுல எறங்க அதுக்கு என்ன சோலி?" என்றார் முத்துவீரன்.

"கம்பி அறுந்து கெடக்கு. மோட்டார ஓட்டி அதுல கை வச்சா செத்துப்போவீக."

நெல் அரைக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டீகளா? வெள்ளிக்கெழம அதுவுமா வாசல்ல நின்னு என்ன வார்த்த சொல்றான்," என்றாள் ஜக்கம்மா.

சாபத்திற்கென்று வியங்கோள் இருக்கிறது. 'ஒழிக' என்பது சாபம். 'கை வச்சா' என்பதோ நிபந்தனை. அந்த 'வச்சா' ஒருவர் காதிலும் ஏறவில்லை. 'செத்துப்போவீக' மட்டும் எல்லார் காதிலும் ஏறியது. மெயின் சுவிட்சையாவது அணைக்க விடுங்கள் என்று மன்றாடினான். உள்ளே விட்டால் இன்னொன்றைப் புதைப்பான் என்று செல்லப்பாண்டி அவன் தோளை அழுத்திப் பிடித்தான். தொட்ட முத்துவீரனுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் பிலவேந்திரன் பொய்யன். ஆகிவிட்டாலோ செய்வினை மெய்.

"நானே தொட்டுக் காட்டுறேன். ஒண்ணும் ஆகலேன்னா, நீ கம்பியத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வரப்படாது," என்ற முத்துவீரன் மோட்டாரை ஓட்டச் சொன்னார். அது உறுமியது; வார்ப்பட்டை படபடத்தது. இரவு மழை ஒழுகிய தரையில் வெறுங்காலுடன் நடந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வாசிப்பவரே, அந்தக் கை உறைக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. வாசலில் மறிக்கப்பட்டவன் சொன்னால் அது சாபம்; நீங்கள் சொன்னால் எச்சரிக்கை. தொடாதீர்கள் என்று சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.