மூன்றாம் மாடியில் முற்றுப்புள்ளி உதிர்ந்த வரலாறு

நான்காம் பதிப்பு வெளியான செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, பல் மருத்துவர்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனியின் மூன்றாம் மாடியில், கம்ப்யூட்டர் திரைகளிலிருந்து முற்றுப்புள்ளிகள் உதிர்ந்தன. முதல் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு, மறுநாள் இருநூற்றுத் தொண்ணூறு. கடுகைவிடச் சின்னவை, கறுப்பு, வாசனை கிடையாது. பெருக்கும் அம்மா முதலில் எறும்பு என்று நினைத்து மருந்தடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு காபி டப்பாக்களில் அள்ளிக்கொண்டு வந்து ஆவணப் பிரிவின் மேஜையில் வைத்து, "உங்க பக்கத்துலேருந்துதான் சார் விழுது, என்னன்னு பாருங்க" என்றார். காரணம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு பதிப்போடும் ஒரு வெளியீட்டுக் குறிப்பு போகும். என்ன புதிது, எது சரிசெய்யப்பட்டது என்று வரி வரியாக அதில் ஒரு பட்டியல் இருக்கும். வேலையைச் செய்த புரோகிராமரே தன் வரியை எழுதித் தருவது அங்கே வழக்கம். நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு விதம். பாதிப் பேர் வரி முடிவில் புள்ளி வைத்தார்கள், மீதிப் பேர் வைக்கவில்லை. ஒருவர் மட்டும் மூன்று ஆச்சரியக்குறி போட்டார். அவை விழவில்லை, அவற்றுக்கு வெட்கமென்பதே கிடையாது. முற்றுப்புள்ளிகள் அப்படியல்ல. மேல்வரியிலும் கீழ்வரியிலும் யாரும் இல்லாத இடத்தில் தனியாக நிற்கக் கூச்சப்பட்டுக் கீழே குதித்துவிட்டன.

ஆவணப் பிரிவின் தலைவர் பதினைந்து வருடமாக அடுத்தவர் வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர். முகத்துக்கு நேரே எல்லோரும் சார் என்பார்கள், முதுகு திரும்பினால் புள்ளியார். அவர் உடனே ஒரு குழு அமைத்தார். அதற்குச் செயலாளர் இந்த வரலாற்றை எழுதுகிறவர்தான் என்பதால் எதையும் மறைக்க வழியில்லை. வரி முடிவில் புள்ளி வைப்பதா, வேண்டாமா என்று குழு மூன்று வருடம் பேசியது. உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்கள் போலப் பேசினோம். வைக்கலாம் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் லிஃப்டில்கூடச் சேர்ந்து ஏறுவதில்லை. ஆறாம் பதிப்புக்கு முன்னால் ஒருவழியாக, எல்லா வரியிலும் வைப்பது என்று முடிவாகி, பதினான்கு விதிகள் கொண்ட கையேடு அச்சாகி வந்தது. அதில் எட்டு விதிகளின் முடிவில் புள்ளி இருந்தது, ஆறில் இல்லை. ஐந்து பேர் பார்த்து, மூன்று தடவை சரிபார்த்து, கையெழுத்தும் போட்டிருந்தோம். கையேட்டை விரித்ததும் எட்டும் உதிர்ந்து தேநீர்க் கோப்பைகளில் விழுந்தன. அவற்றில் ஒன்றைக் குடித்துவிட்ட செயலாளருக்குச் சாயங்காலம்வரை பேச்சு வரவில்லை, அதனால் அன்றைக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

அதன்பிறகு புள்ளியார் யாரையும் நம்பவில்லை. சனி, ஞாயிறு பார்க்காமல் ஒவ்வொரு வரியையும் தானே திருத்தினார். வீட்டில் மனைவி பேச வாயெடுத்தால், "ஒரு நிமிஷம்மா, இந்தப் பட்டியலை முடிச்சுடறேன்" என்பார். அந்த ஒரு நிமிஷம் ஒரு வருடத்துக்குமேல் நீண்டது. ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. ஏழு வரிகள். சாம்பார்ப் பாத்திரம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்பதில் தொடங்கி, துணி மடித்தாயிற்று என்று சொல்லி, நாலாவது வரியில் நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன், என்னால் இப்படித் தனியாக இருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. புள்ளியார் நின்றபடியே படித்தார். நான்கு வரிகளில் புள்ளி உதிராமல் இருந்தது, மூன்றில் வைக்கவேயில்லை. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றையும் வைத்தார். எது கைக்கு வந்தாலும் திருத்தி, எழுதினவருக்கே திருப்பி அனுப்புவது அவர் பழக்கம். அப்படியே ஃபோட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் நாலாவது வரி என்ன சொல்கிறது என்று அவருக்கு உறைத்தது.

அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. "திருத்திட்டீங்களா? எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்டு மனைவி வைத்துவிட்டார்.

அன்று முதல் புள்ளியாரின் கை விளங்கவில்லை. அவர் வைத்த புள்ளி எதுவும் நிற்கவில்லை. எல்லா வரியிலும் ஒழுங்காக வைத்தாலும் மொத்தமாகக் கொட்டியது. ஏழாம் பதிப்புக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வேலை நேரத்தில், எங்கள் கண் முன்னாலேயே, மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வரி எழுதுவார், புள்ளி உதிரும், குனிந்து பொறுக்குவார், மறுபடி வைப்பார். பதினொரு தாள் இப்படியே கிழிந்தது. அத்தனை தாள்களும் செயலாளரின் காலடியில்தான் கிடந்தன; ஒன்றிலாவது இரண்டாவது வரி இருந்ததில்லை. பன்னிரண்டாவது தாளில் அவர் குனியவில்லை. விழுவது விழட்டும் என்று எழுதிக்கொண்டே போனார். உன் கடிதத்தில் நான் புள்ளியை மட்டும்தான் படித்தேன், என்னைப்போல ஒரு முட்டாள் இருக்க மாட்டான், வீட்டில் பேச ஆளில்லாமல் பயமாக இருக்கிறது, நீ இத்தனை நாள் இப்படித்தானே இருந்தாய் என்று நாலு பக்கம். பாதியில் அடைப்புக்குறி திறந்து மூடாமல் கிடந்தது. அதையும் அப்படியே தபாலில் போட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் திருத்தாமல் அனுப்பிய முதல் காகிதம் அதுதான் என்று செயலாளர் குறித்து வைத்திருக்கிறார்.

எட்டு நாள் பதில் இல்லை. மனிதர் பாதியாக இளைத்துப் போனார். ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மனைவி பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். "நாலு பக்கம், ஒரே தப்பும் தவறுமா இருக்கு. அக்காவுக்குப் படிச்சுக் காட்டவே ஒரு மணி நேரமாச்சு" என்றார். சொல்லிவிட்டு அழுதார், புள்ளியாரும் அழுதார்.

மூன்றாம் மாடியில் உதிர்வது நிற்கவில்லை. சரிசெய்ய முடியாத எதையும் மென்பொருள்காரர்கள் 'அறிந்த குறைகள்' என்ற பட்டியலில் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். ஏழாம் பதிப்பின் குறிப்பில், மாதங்களின் பெயர் சில சமயம் தலைகீழாகத் தெரியும் என்பதற்கு அடுத்ததாக, முற்றுப்புள்ளிகள் உதிரக்கூடும், வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்று போடப்பட்டது. மேலிடத்துக்கு அது போதுமானதாக இருந்தது. வேறு ஆள் பார்க்கும் பேச்சு அத்தோடு போயிற்று. எங்கள் கிளினிக்கிலும் விழுகிறது, பெருக்கிவிட்டோம் என்று ஒரு பல் மருத்துவர் எழுதினார். குழு இன்னமும் கூடுகிறது. இப்போது காற்புள்ளியைப் பற்றிப் பேசுகிறோம்.

புள்ளியார் ஐந்தரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார். வீட்டு வாசலில் மனைவி அவருடைய காலரில் ஒட்டியிருக்கும் புள்ளிகளைத் தட்டிவிட்டபடியே அன்றைய கதையைத் தொடங்குவார். ஒரு நாள் நடுவில் நிறுத்தி, "கேக்கறீங்களா, எண்ணிட்டிருக்கீங்களா?" என்றார்.

"கேக்கறேன். அப்புறம் உங்க அக்கா என்ன சொன்னாங்க?" என்றார் புள்ளியார்.