கொக்கி கவ்வாத கதவு

திருக்கோகர்ணத்து வீட்டின் பின்தாழ்வாரத்தில் இருந்த இழுப்புக் கதவு, செங்கமலத்தின் அப்பா கல்யாணச் சீராகச் செய்துகொடுத்தது. மர டிப்போ வைத்திருந்த அவர், கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது தாழ்வாரம் துளசி மாடத்தைப் பார்த்துத் திறந்துகிடப்பதைக் கவனித்துவிட்டுப் போனார். தேக்குச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, அடியில் சக்கரம் பூட்டி, தரைப் பள்ளத்தில் இரும்புத் தண்டவாளம் போட்டு, பக்கவாட்டில் ஓடுகிற மாதிரி ஒரு கதவை அனுப்பிவைத்தார். மதராஸில் ஏதோ பங்களாவில் பார்த்ததாம்.

மாமியார் பிரகதாம்பாளுக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை. கதவு கொஞ்சம் முனகினாலும் போதும், "ஒங்கப்பா ரயிலு கூவுது, போய் என்னன்னு கேளு" என்பாள்.

அதனால்தான் காத்தாயி வந்து சொன்ன விஷயத்தைச் செங்கமலம் வெளியே விடவில்லை. காத்தாயி வல்லத்திராக்கோட்டைக்காரி. அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்தாள். பின்கதவைப் பூட்டுவது அவள் பொறுப்பு. சாவியைத் திருப்பினால் கதவின் விளிம்பிலிருந்து வளைந்த கொக்கி ஒன்று வெளியே வரும். நிலையில் அடித்திருக்கும் பித்தளைத் தகட்டின் துளைக்குள் அது நுழைந்து, கீழ்விளிம்பைக் கவ்வ வேண்டும்.

"கொக்கி நொழையுது சின்னம்மா, கவ்வ மாட்டேங்குது. ஒரு ஆட்டு ஆட்டுனா கழண்டுக்குது. ஐயாகிட்டச் சொல்லி ஆசாரிய வரச்சொல்லுங்க" என்றாள் காத்தாயி.

சொல்கிறேன் என்றாள் செங்கமலம். சொல்லவில்லை. ஆசாரி வந்தால் கதவைப் பற்றிப் பேச்சு வரும். கதவைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா தலைதான் உருளும்.

ஆடி வெள்ளியன்று சாயங்காலம் எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். காத்தாயி கடைசியாகப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்தாள். திரும்பி வந்தபோது கதவு பாதி ஒதுங்கிக் கிடந்தது. பூஜை அலமாரியில் இருந்த வெள்ளிக் கூஜாவைக் காணோம்.

போலீஸ் வீட்டுப்படி ஏறினால் மானம் போய்விடும் என்று பிரகதாம்பாள் விசாரணையைத் தானே நடத்தினாள். பூட்டினேன் என்றாள் காத்தாயி. பூட்டின கதவு எப்படித் திறந்தது, எந்த உறவுக்காரனுக்குத் திறந்துவிட்டாய் என்று மாமியார் கேட்டாள். காத்தாயி செங்கமலத்தைப் பார்த்தாள். செங்கமலம் தன் கால் மெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காத்தாயி துணிமூட்டையோடு ஊருக்குப் போனாள். கூஜாக் கதை அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள், அவளை அங்கே யாரும் வீட்டுக்குள் விடுவதில்லையாம். கேட்ட அன்றைக்குச் செங்கமலம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்த அவள் புருஷன் முத்துராமன், ஞாயிற்றுக்கிழமை திருப்புளியோடு கதவுக்கு முன்னால் உட்கார்ந்தான். பூட்டைக் கழற்றித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டான். கையில் வைத்துத் திருப்பினால் கொக்கி நன்றாகத்தான் விழுந்தது. கதவில் பொருத்திச் சாத்தினால் மட்டும் கவ்வவில்லை. குனிந்து பார்த்தான். கொக்கி தகட்டின் துளைக்குள் நுழைந்தாலும், கீழ்விளிம்பைத் தொடாமல் ஒரு நூல் மேலே ஏறி நின்றது. பூட்டில் கோளாறு இல்லை, கதவுதான் தூக்கிக்கொண்டிருக்கிறது என்றான்.

இரண்டு பேருமாகக் கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். நிலையோரத்தில், கதவு சாத்தும்போது சக்கரம் வந்து நிற்கிற இடத்தில், தண்டவாளம் தெரியாமல் ஏதோ வெள்ளையும் சிவப்புமாக இறுகிக் கிடந்தது. திருப்புளியால் நெம்பினான். சிமெண்டு மாதிரி பாளம் பாளமாகப் பெயர்ந்தது.

செங்கமலத்துக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. வாசப்படி மூளியாக இருக்கக் கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தாள். மற்றக் கதவுகளுக்குப் படி மேடாக இருந்தது. இந்தக் கதவுக்குப் பள்ளம்தான் படி. தினமும் விடிகாலையில் கதவை ஒதுக்கித் தண்ணீர் தெளித்து, பள்ளத்தின் மேலேயே கல்மாவில் கோலமிழுத்துக் காவி பூசினாள். மாவு உள்ளே விழுந்தது, மறுநாள் தெளித்த தண்ணீரில் இறுகியது, அதன்மேல் அடுத்த நாள் மாவு விழுந்தது.

"நீ போட்ட கோலந்தான் கதவத் தூக்கி நிறுத்தியிருக்கு" என்று முத்துராமன் சிரித்தான். பள்ளத்தைச் சுரண்டிக் கூட்டி, கதவை மறுபடி ஏற்றிச் சாவியைத் திருப்பினான். கொக்கி டக்கென்று கவ்வியது. பிடித்து உலுக்கினான், அசையவில்லை. காத்தாயி சொன்னதைச் செங்கமலம் அவனிடம் அப்போதுதான் சொன்னாள்.

அவன் சிரிப்பு நின்றது. "அம்மாகிட்டச் சொல்லாத. போனவ போயிட்டா, இப்ப எதுக்கு?" என்றான்.

அவள் சொன்னாள். அன்று மத்தியானமே, மாமியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது, கோலத்தையும் காத்தாயி முன்பே எச்சரித்ததையும் சேர்த்துச் சொன்னாள். பிரகதாம்பாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். "அதுக்கு? நான் போயி அவ கால்ல விழணுமா?" என்றாள். வேண்டாம், நான் போகிறேன் என்றாள் செங்கமலம்.

வல்லத்திராக்கோட்டையில் பஸ் இறங்கி விசாரித்தபோது கடலைக்கொல்லைக்குக் கை காட்டினார்கள். பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காத்தாயி மட்டும் தள்ளி ஓர் ஓரத்தில், தனியாக. செங்கமலம் வரப்பில் நின்று, கோலமாவு இறுகிக் கதவு தூக்கியதையும், தப்பு தன்னுடையது என்பதையும் சொல்லி முடித்தாள்.

காத்தாயி களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை. "அன்னைக்கே நான் சொல்லியிருப்பேன். மருமக மேல பழி போடுறான்னு பெரியம்மா சொல்லுவாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் ஒங்க மொகத்தப் பாத்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் குனிஞ்சுக்கிட்டீங்க."

செங்கமலம் தலையை ஆட்டினாள். வேலைக்குத் திரும்பி வா என்று கேட்கத்தான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். இப்போது அதைக் கேட்க வாய் வரவில்லை. காத்தாயியே சொன்னாள்:

"ஒங்க வீட்டுக்கு நான் வரலம்மா. ஆனா இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க. எங்கிட்ட மொணமொணன்னு சொன்னது யாருக்கு ஆகும்? எனக்குத்தான் முன்னமே தெரியுமே. அங்கிட்டு இருக்கவளுகளுக்குக் கேக்குறாப்புல சொல்லுங்க."

வரிசையில் இரண்டு மூன்று தலைகள் ஏற்கெனவே நிமிர்ந்திருந்தன. புகுந்த வீட்டில் செங்கமலத்தின் குரல் அடுப்படி தாண்டிக் கேட்டதில்லை. காத்தாயி காத்திருந்தாள்.

செங்கமலம் வரப்பைவிட்டு இறங்கி, செருப்பில்லாத காலோடு கொல்லைக்குள் நடந்து, அந்தப் பெண்களுக்கு நடுவில் போய் நின்றாள். "காத்தாயி எங்க வீட்டுல எதையும் எடுக்கல" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள், உரக்க.