உட்கார விடாத கூடம்

ரேலீனுக்கு அந்தக் கூடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து நாற்காலியை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறாள். எங்கே போட்டாலும் ஒரு கால் ஆடுகிறது. ஆடாமல் என்ன செய்யும்? ஆறு மணிக்கு மதுக்கடையை மூடியாக வேண்டும் என்று சட்டம் இருந்த நாளில் மதுக்கடையாகக் கட்டிய கூடம் இது. ஐந்து மணிக்கு வேலை விட்டு வருகிறவன் நின்றபடியே ஊற்றிக்கொண்டு ஓட வேண்டும். அதற்காகவே நாற்காலி போடாமல் விட்டார்கள். கழுத்துயரத்துக்குப் பச்சை டைல்ஸ் பதித்தார்கள். கடை மூடியதும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வசதியாகத் தரையைச் சரிவாகப் போட்டார்கள். ஒருத்தனும் நிம்மதியாக உட்காரக் கூடாது என்று மெனக்கெட்டு யோசித்த புண்ணியவான்கள்.

கடை போய் வெகுகாலம் ஆயிற்று. இப்போது இது அவர்கள் வீடு. கணவன் டார்சியைப் பிடித்து வைக்கத்தான் ரேலீன் இதை வாங்கச் சம்மதித்தாள். சுரங்கம் சுரங்கமாக வேலைக்கு ஓடுகிற மனுஷன், மதுக்கடையிலாவது தங்குவான் என்று ஒரு நப்பாசை. அவனோ நின்றுகொண்டே சாப்பிட்டான், நின்றுகொண்டே டி.வி. பார்த்தான். டைல்ஸைப் பெயர்த்து, தரையைச் சமமாக்கலாம் என்றால், பாரம்பரியக் கட்டடத்தில் கை வைக்காதே என்று நகரசபை சொல்லிவிட்டது.

இன்று மறுபடி கிளம்புகிறான். பை வாசலில் இருக்கிறது.

"இந்தத் தடவ எத்தன மாசம்?"

"போனாத்தான் தெரியும்."

"கொஞ்ச நேரம் உக்காரேன் டார்சி. நாற்காலி கடிக்காது."

"அது ஆடுது ரேலீன்."

"உன்னவிடக் கம்மியாத்தான் ஆடுது."

சிரித்தான், உட்காரவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பியரை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி அவள் முன்னால் வைத்தான்.

"உனக்கு?"

"வண்டி ஓட்டணும். போன தடவ நீ வாங்கிக் குடுத்தியே, அதுக்கு இது."

அந்த ஊரில் ஒருவர் வாங்கித் தந்தால் அடுத்தது மற்றவர் முறை. நழுவுகிறவனை நாய்கூட மதிக்காது. வெளியூர் போகிறவன் மட்டும் தன் முறையை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பான். திரும்பி வருவேன் என்பதற்கு அதுதான் வாக்கு. ஒவ்வொரு தடவையும் டார்சி வாசலில் நின்று, "அடுத்தது என் முறை, மறந்துடாத" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவான்.

தம்ளரை ரேலீன் தொடவில்லை.

"கணக்கத் தீத்துட்டுப் போறியா?"

"சும்மா ஒரு பியர், அவ்வளவுதான்."

"இந்த ஊர்ல சும்மா ஒரு பியர்னு கிடையாது. உனக்கே தெரியும்."

அவன் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் ஒரு லாரி போனது. அதன் இரைச்சல் கூடம் முழுக்கச் சுற்றி அடங்கியது.

"அப்ப வீட்டுச் சாவியையும் வெச்சுட்டுப் போ."

என்ன பேச்சு இது என்று அவன் சண்டைக்கு வருவான், சண்டை போட்டால் உட்காருவான் என்று நினைத்துத்தான் சொன்னாள். டார்சி சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து, தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். ஒற்றைச் சாவி. வளையத்திலிருந்து முன்பே கழற்றி வைத்திருந்தான்.