தூக்குப்போசிக் கூழ்

சுகுணாவின் மூக்குக்கு ஒன்றரை வருடமாக ஓய்வே கிடையாது. புருஷன் தமிழ்மணி சாயங்காலம் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தண்ணீர்ச் சொம்போடு எதிரில் போய் நிற்பாள். சொம்பு சும்மா சாக்கு. அவன் வாயைத் திறந்து மகளைத் தேடி "காவியா எங்க?" என்று கேட்டால் போதும், அதற்குள் மோந்து முடித்துவிடுவாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பட்டவள். அப்போது தமிழ்மணி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் குடித்துவிட்டு பைக்கில் மொரப்பூர் திரும்பும்போது போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது. கூட்டாளிகள் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். கோர்ட்டில் ஒத்துக்கொள், ஃபைனைக் கட்டு, அதோடு விட்டது. இவனும் ஒத்துக்கொண்டு பத்தாயிரம் கட்டினான். எங்கே விட்டது? ஒத்துக்கொண்டால் தண்டனை பெற்றவன் என்று பேர் ஏறிவிடும் என்பது அந்த மகானுபாவர்களில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. லைசென்ஸை ஆறு மாதம் முடக்கினார்கள். பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு இந்த ஆள் வேண்டாம் என்று பள்ளிக்கூடமும் அனுப்பிவிட்டது. ஆறு மாதம் மூட்டை தூக்கித்தான் குடும்பம் நடந்தது.

அன்றைக்கு நீதிபதி அம்மா கடைசியாக ஒன்று சொன்னார். மூன்று வருடத்துக்குள் இதே குற்றத்துக்கு மறுபடி வந்து நின்றால் இரண்டு வருடம் வரைக்கும் ஜெயில் கிடைக்கலாம், லைசென்ஸும் போகலாம் என்றார். தமிழ்மணி தலையை ஆட்டினான். பின்னால் நின்ற சுகுணா அந்த மூன்று வருடத்தை அன்றைக்கே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

தமிழ்மணி அன்றோடு குடியை விட்டான். சத்தியமாகவே விட்டான். லைசென்ஸ் திரும்பி வந்ததும் கிருஷ்ணப்பன் என்பவருடைய லாரியில் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்கு ஓட்டினான். ஆனால் சுகுணா நம்ப வேண்டுமே. குடிக்கிறவன் விட்டுவிட்டேன் என்று சொல்வதை அவள் அப்பன் வீட்டிலேயே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டு நிர்மலாதான் மருந்து விஷயத்தைக் காதில் போட்டாள். "அரூர் சந்தையில ஒருத்தன் குடுக்கறான் சுகுணா. சோத்துல கலந்து குடுத்தாப் போதுமாம், அப்புறம் கடைப்பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டாங்களாம்."

சுகுணா போனாள். சந்தைக்காரன் ஒரு பச்சைப் பாட்டிலைக் கையில் கொடுத்து, ஒரு விதியும் சொன்னான். "ஒரு நாளைக்கு ஒரு மூடி ஊத்தும்மா. ஆளுக்குத் தெரியவே கூடாது. கலக்கற பொம்பள மோந்து பாக்கக் கூடாது, நாக்குலயும் வெக்கக் கூடாது. மீறினா மருந்து முறிஞ்சு போயிரும்."

ஊரிலுள்ள எல்லாவற்றையும் மோந்து பார்க்கிற சுகுணா, மோந்து பார்த்தே ஆகவேண்டிய அந்த ஒன்றை மட்டும் பயபக்தியோடு விட்டுவிட்டாள். தினமும் காலையில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் வேலைக்குக் கொண்டுபோகிற தூக்குப்போசியில் இருக்கிற கேழ்வரகுக் கூழில் ஒரு மூடி ஊற்றுவாள். புளித்த மோர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் போட்ட கூழ். அதில் எதைக் கலந்தாலும் தெரியாது. தமிழ்மணி பாதியை மத்தியானம் குடிப்பான். மீதியைத் திரும்பி வரும்போது, ஊருக்குப் பிரிகிற ரோட்டுப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் குடிப்பான்.

மருந்து போட்ட நாலாம் நாள் சாயங்காலம் சொம்போடு போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லேசாகத்தான், ஆனால் வாசனை வந்தது.

"எங்க குடிச்சீங்க?"

"என்னாத்தக் குடிச்சேன்? இப்பதான புள்ள வரேன்."

அவள் மறுநாள் இரண்டு மூடி ஊற்றினாள். வாசனை கூடியது. பாவி மனுஷன் மருந்துக்கே அடங்க மாட்டேன் என்கிறானே என்று மூன்று மூடி, அப்புறம் நாலு மூடி ஆக்கினாள். வாசனை இன்னும் கூடியது. லாரி சீட்டுக்கு அடியில் தேடினாள். கிருஷ்ணப்பனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். ஒரு நாள் அரூர் பஸ்ஸில் ஏறி அவன் பின்னாலேயே போய், ஆலை வாசலில் வெயிலில் காத்துக் கிடந்துவிட்டு வந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்குப் பெரிய ருசுவாகிவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறான் என்று நினைத்து ராத்திரியெல்லாம் அழுதாள்.

ஒரு நாள் தமிழ்மணியே கேட்டான். "கூழு ஏன் புள்ள இப்பல்லாம் கசக்குது?"

"குடிக்கற நாக்குக்கு எல்லாந்தான் கசக்கும்."

அவன் மகள் காவியாவைக் கூப்பிட்டு அவள் தலையில் கை வைக்கப் போனான், சத்தியம் செய்ய. சுகுணா பிள்ளையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவள விடுங்க. உங்க பொய்க்கு எம்புள்ள போகணுமா?" நீட்டிய கையை அவன் மெல்ல மடக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு சத்தியம் கித்தியம் என்று அவன் பேசவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் போலீஸ் லாரியை நிறுத்தி ஊதச் சொன்னது. குடிக்காதவனுக்கு என்ன பயம் என்று தமிழ்மணி நெஞ்சை நிமிர்த்தி ஊதினான். மிஷின் நாற்பத்து மூன்று என்றது. முப்பதைத் தாண்டினாலே கேஸ். லாரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, லைசென்ஸை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கிருஷ்ணப்பன் போனில் பழைய பாட்டையே பாடினார். ஒத்துக்கிட்டுக் கட்டிட்டு வந்துரு தமிழு, சீக்கிரம் முடிஞ்சிரும் என்றார்.

"ஒத்துக்கப் போறேன்" என்றான் தமிழ்மணி.

"ரெண்டாவது கேஸுங்க. ஜெயிலுன்னு சொன்னாங்களே?"

"நான் குடிக்கலன்னு சொன்னா எவன் நம்புவான்? கட்டின பொண்டாட்டியே நம்பல. உள்ள போயிட்டு வரேன், உடு."

குடித்து அகப்பட்டவன் கெஞ்சுவான், கத்துவான். இவன் இப்படி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறானே என்று முதல்முறையாகச் சுகுணாவுக்கு உறுத்தியது. "இன்னைக்கு வேற என்ன சாப்ட்டீங்க?"

"வேறென்ன, உன் கூழுதான். மரத்தடியில மிச்சத்தக் குடிச்சேன், வண்டிய எடுத்தேன், கேட்டுகிட்ட மறிச்சாங்க."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அரிசி டிரம்முக்குள்ளிருந்து பச்சைப் பாட்டிலை எடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூடியைத் திருகி, முதல்முறையாக மூக்குக்கு நேரே பிடித்தாள். மேலாக ஏதோ பச்சிலை நெடி அடித்தது. அதற்கு அடியில் சாராயம், இவள் தினமும் வாசலில் நின்று தேடிய அதே வாசனை. அப்படியே டிரம்மோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

சாக்கடையில் ஊற்றிப் பாட்டிலைப் புதைத்துவிட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அந்த நினைப்பு வரத்தான் செய்தது, வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவன் ஜெயிலுக்குப் போனாலும் குடிகாரன் பெண்டாட்டி என்ற இரக்கமாவது இவளுக்கு மிஞ்சும். சொன்னாலோ, புருஷன் சாப்பாட்டில் திருட்டுத்தனமாக மருந்து வைத்தவள் என்ற பேர்தான் மிஞ்சும். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

மறுநாள் காலையில் எப்போதும்போல் கூழ் கரைத்துத் தூக்குப்போசியில் ஊற்றினாள், மருந்து மட்டும் கலக்கவில்லை. "ஸ்டேஷனுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

எஸ்.ஐ. ஒரு பெண். மேஜைமேல் பாட்டிலையும் தூக்குப்போசியையும் வைத்து, சந்தைக்காரனிலிருந்து புளியமரம் வரைக்கும் சுகுணா ஒன்று விடாமல் சொன்னாள். தமிழ்மணி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்தப் பக்கம் திரும்பத் தைரியமில்லை.

"புருஷன காப்பாத்த எல்லாப் பொண்டாட்டியும் இப்புடித்தாம்மா கதை சொல்றாங்க" என்றார் எஸ்.ஐ.

அதே சந்தேகம், அதே குரல். சுகுணா தன்னையே எதிரில் பார்த்தாள். பாட்டிலிலிருந்து அந்தம்மா கண்ணெதிரிலேயே நாலு மூடி அளந்து கூழில் ஊற்றினாள். தூக்குப்போசியைத் தூக்கி மடக் மடக்கென்று அத்தனையும் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "இப்ப என்னைய ஊதச் சொல்லுங்க."

எஸ்.ஐ. நாற்காலியை விட்டு எழுந்தார். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, இருபது நிமிஷம் பெஞ்சில் உட்கார வைத்து, அப்புறம் மிஷினை நீட்டினார். வந்து போகிறவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொடாத சுகுணா ஊதினாள். முப்பத்தேழு.

"போட்ட கேஸ என்னால எடுக்க முடியாது" என்றார் எஸ்.ஐ. குரல் மாறியிருந்தது. "பாட்டில பரிசோதனைக்கு அனுப்பறேன். நடந்தத எழுதி வெக்கறேன். திங்கக்கிழமை எவன் பேச்சையும் கேட்டு ஒத்துக்காதீங்க. வக்கீல் வெச்சு நடந்தத சொல்லுங்க. நீயும் கூண்டுல ஏறி இதையே சொல்லணும்மா."

"சொல்றனுங்க" என்றாள் சுகுணா.

வீடு வரைக்கும் தமிழ்மணி அவளுக்கு நாலு எட்டு முன்னாலேயே நடந்தான். அவன் கத்தினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சனியும் ஞாயிறும் அப்படியே கழிந்தன. சாயங்காலத்தில் அவன் வெளியே போய்விட்டு வந்தபோது அவள் சொம்பை எடுத்துக்கொண்டு போகவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டுக்குக் கிளம்பும்போது மத்தியானத்துக்கென்று கூழ்த் தூக்குப்போசியை அவன் கையில் கொடுத்தாள். தமிழ்மணி வாசற்படியில் நின்று மூடியைத் திறந்தான். குனிந்து மோந்து பார்த்தான். பிறகு அதை அவளிடமே நீட்டினான்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி."

அவள் வாங்கிக் குடித்தாள். அவள் முழுங்கி முடிக்கும் வரைக்கும் அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.